கண்ணாடித் தொட்டியிற் பேத்தை மீன் வளர்த்தல்

புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரை ஊர்களாகிய மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம் முதலியவற்றில் வலை கரை சேரும்போது, விலைபோகும் மீன்களோடு வயிறு ஊதிய மீன் ஒன்றும் வந்து மணலில் விழுவது யாவரும் கண்டதே. அதனைப் பேத்தை என்பர். அது உண்ணத் தகாதது; கூரிய பற்களால் வலையை அறுப்பது; உடன் அகப்பட்ட மீன்களையும் கடித்துக் கெடுப்பது. ஆதலால் மீனவர் அதனை எடுத்தெறிந்து விடுவர். சிறுவர்கள் அதனைக் குச்சியால் தட்டி ஊதச்செய்து விளையாடுவதும் உண்டு.

கரையிற் கேட்பாரற்றுக் கிடக்கும் இம்மீனின் குலத்தைச் சேர்ந்த சிறு மீன் ஒன்றைப் பட்டணவாசிகள் விலைகொடுத்து வாங்கி, வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து வளர்த்து வருகின்றனர். சிறு நகரங்களிலும் வர்ண மீன் கடைகள் ஏற்பட்டுவிட்டமையால், கிராமத்துப் பிள்ளைகளும் இதனை விரும்பிக் கேட்கத் தொடங்கியுள்ளனர். இதனை வளர்த்தல் கூடுமா, கூடுமாயின் எவ்வாறு, இதனால் வீட்டிற்கும் ஊர்க் கண்மாய்க்கும் நேரக்கூடிய தீங்குகள் யாவை என்பவற்றைக் குடியானவர்களும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம். தண்ணீரின் குணமறிந்து அதனைப் பேணத் தெரிந்தவரிடத்திலேயே இம்மீன் பிழைக்கும். நிலத்தையும் நீரையும் நாள்தோறும் கையாளும் குடியானவருக்கு அவ்வறிவு பாதி ஏற்கெனவே உண்டு.

பேத்தையின் இயல்பு

பேத்தைக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு பற்கள் சேர்ந்து கிளியின் அலகு போல அமைந்திருக்கும். இப்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உடம்பிற் செதில்கள் இல்லை. விலா எலும்புகளும் இல்லை. பகைவரைக் கண்டு அஞ்சியவிடத்துத் தண்ணீரை விழுங்கி இரைப்பையை நிரப்பிப் பந்து போல உப்பிவிடும். நீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கும். அக்காற்று வெளியேறாது நின்றால் மீன் மடியவும் கூடும். ஆகையால் வேடிக்கைக்காக அதனை ஊதச்செய்வது கொடுமையேயாகும்.

இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் கடலில் வாழ்வன. சில கழிமுகங்களில் உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில் வாழும். ஒரு சில மாத்திரம் ஆயுள் முழுவதும் நன்னீரில் வாழ்வன. வீட்டில் வளர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது இவ்வேறுபாடே. தெற்கு வெள்ளாறு கடலிற் கலக்கும் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் பேத்தைக் குஞ்சைக் கிணற்று நீரில் விட்டால் அது நெடுநாள் தங்காது. தங்கினாலும் கடல் இனங்கள் பல ஓர் அடிக்கும் மேலாக வளர்வன. அவற்றிற்குக் கடல்நீரும் பெரிய தொட்டியும் வேண்டுமாகையால் வீட்டிற்கு அவை ஏற்றவை அல்ல.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது மலையாள நாட்டு ஆறுகளில் வாழும் குட்டிப் பேத்தையாகும். பம்பை ஆற்றில் அகப்பட்ட இம்மீனை 1941ஆம் ஆண்டில் சுந்தர்லால் ஹோரா, கே. கே. நாயர் என்னும் இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்து, திருவிதாங்கூரின் பெயரால் அதற்கு நாமமிட்டனர். வியாபாரிகள் இதனைப் ‘பீ பஃபர்’ என்று வழங்குவர். பட்டாணி போன்ற சிறிய பேத்தை என்பது பொருள். முழு வளர்ச்சியடைந்ததும் ஓர் அங்குலமோ சற்று அதிகமோ இருக்கும். மஞ்சளும் பசுமையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள் காணப்படும். இரு கண்களும் தனித்தனியே சுழலும். வளர்ப்பவர் அருகில் வந்தால் கண்ணாடியோரம் வந்து பார்க்கும். நன்கு பேணினால் நான்கைந்து ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

தொட்டி

ஆண் ஒன்றும் பெண் மூன்றுமாக நான்கு மீன்களுக்கு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி போதுமானது. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் வீதம் இதில் 56 லிட்டர் கொள்ளும். நீரும் மணலும் கண்ணாடியுமாகச் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் பாரமாகுமாதலால், அசையாத சமமான மேடைமீது வைத்தல் வேண்டும். நேர் வெயில் படுமிடமும், பூச்சி மருந்தும் தெளிப்பானும் வைத்திருக்கும் அறையும் ஆகா. வயலில் மருந்து தெளித்து வந்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டியில் இடலாகாது.

அடியில் கழுவிய ஆற்றுமணல் பரப்பி, வேலம்பாசி முதலிய நீர்ப்பூண்டுகளை அடர்த்தியாக நட்டு, இரண்டொரு சிறு கற்களையும் வைக்கவேண்டும். இம்மீன் எல்லை வகுத்துக்கொண்டு சண்டையிடும் சுபாவம் உடையது. ஒன்றன் கண்ணில் மற்றொன்று படாமல் ஒதுங்க மறைவிடம் இருந்தால் சண்டை குறையும். ஆணுக்கு வயிற்றின் நடுவே கருங்கோடு ஒன்று உண்டு. கண்ணுக்குப் பின்புறம் சுருக்கங்கள் காணப்படும். பெண் உருண்டையாக இருக்கும். வேறு மீன்களை இதனோடு சேர்த்து விடுதல் கூடாது. நீண்ட வாலும் சிறகும் உடைய மீன்களைக் கடித்துக் குறைத்துவிடும்.

தண்ணீரைப் பக்குவப்படுத்தல்

புதிதாக வளர்ப்போர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயாம். காலையில் தொட்டி வாங்கி, நண்பகலில் நீர் நிரப்பி, மாலையில் மீனை விடுவர். பத்து நாளில் மீன் இறக்கும். தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது என்று வியப்பர். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும்.

இதன் காரணம் குடியானவருக்குப் புதிதன்று. புன்செய் நிலத்தில் அமோனியம் சல்பேட்டோ யூரியாவோ இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வுண்மையை 1890ஆம் ஆண்டையொட்டி ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி கண்டு நிரூபித்தார். தொட்டியிலும் நிகழ்வது இதுவே. மீனின் கழிவும் எஞ்சிய ஆகாரமும் அமோனியாவாகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரேட்டோ மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் இல்லை. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும்.

ஆகையால் தொட்டியில் நீர் நிரப்பி, காற்று ஊதும் சிறு பம்பும் பஞ்சு வடிகட்டியும் பொருத்தி, மீன் இல்லாமலே நாள்தோறும் சிட்டிகையளவு மீன் ஆகாரத்தை இட்டு வரவேண்டும். அது அழுகி அமோனியாவாகி, நுண்ணுயிர்களுக்கு உணவாகும். நன்கு நடந்துவரும் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றியது போல, இக்காலம் குறையும். அமோனியாவையும் நைட்ரைட்டையும் அறிவிக்கும் சோதனைத் துளிகள் கடைகளிற் கிடைக்கும். ஆகாரம் இட்டு வரும்போதே இரண்டும் பூஜ்யம் என்று சில நாள் தொடர்ந்து காட்டிய பின்னரே மீனை வாங்கவேண்டும்.

இந்நுண்ணுயிர்களுக்குக் காற்று இன்றியமையாதது. சேறடித்த நன்செயில் காற்றுப் புகாமையால் இம்மாறுதல் குன்றுவதும், கொத்திவிட்ட புன்செயில் தாராளமாக நடப்பதும் இதனாலேதான். தொட்டியிலும் பம்பு நெடுநேரம் நின்றுவிட்டால் நுண்ணுயிர்கள் நலியும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கசக்கிக் கழுவினால் குளோரினால் அவை அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாக அலசுதல் வேண்டும்.

வாரத்திற்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு அதே உஷ்ணமுள்ள புதுநீர் ஊற்றவேண்டும். எடுத்த நீரில் நைட்ரேட் இருப்பதால் கீரைப் பாத்திக்கும் கறிவேப்பிலைக்கும் அது நல்ல எருவாகும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றாட வைத்துப் பயன்படுத்துக. கிணற்று நீர் சற்றுக் கடினமாயிருப்பினும் இம்மீன் ஏற்கும். ஆனால் உரமிட்ட வயலை ஒட்டிய கிணற்று நீரையும், வாய்க்கால் நீரையும் தவிர்த்தல் நலம். செப்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ வைத்த நீர் ஆகவே ஆகாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் நத்தைகள் மடியும், மீனும் நோயுறும்.

ஆகாரம்

இம்மீன் உலர்ந்த தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. அசையும் இரையையே நாடும். குட்டி நத்தைகளே இதற்கு மிக விருப்பமானவை. மெல்லிய ஓட்டை உடைத்துத் தின்பதால் பற்களும் தேய்வுபெறும். சிமெண்டுத் தொட்டி ஒன்றில் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டுக் கீரைத்தழை இட்டு வந்தால் செலவின்றிப் பெருகும். நன்செயில் கிடைக்கும் பெரிய நத்தையின் ஓடு இக்குட்டிப் பேத்தைக்குக் கடினமானது. பூச்சி மருந்து தெளித்த வயலிலிருந்து எந்த நத்தையையும் எடுத்தலாகாது.

சிவப்புப் புழுக்களும் கொசுப்புழுக்களும் நல்ல இரையே. ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கொசுப்புழுவுக்கென்று நீரைத் திறந்து வைப்பவர், முட்டை கொசுவாகிப் பறக்க வெப்ப நாட்களில் ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும் என்பதை மறக்கலாகாது. மீனுக்கு இரை தேடப்போய் ஊருக்கு டெங்குக் காய்ச்சலைத் தேடித்தருதல் ஆகாது. அத்தகைய நீரை வாரத்தில் இருமுறை மெல்லிய துணியால் வடித்து, பாத்திரத்தைத் தேய்த்துக் காயவைக்க இயலாதவர் நத்தையோடு நின்றுகொள்வதே முறை.

நாளொன்றுக்கு இருவேளை, வயிறு சற்று உருண்டு தோன்றுமளவு இடுக. எஞ்சியதை அரை மணியில் எடுத்துவிடுக. இம்மீன் எப்போதும் பசித்திருப்பது போலவே கண்ணாடியோரம் வந்து நிற்கும். அதனைக் கண்டு இரங்கி மேலும் மேலும் இடுவதால் நீர் கெடும்.

கோடைக் காலம்

இம்மீனுக்கு 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள உஷ்ணம் தகும். புதுக்கோட்டைச் சீமையில் சித்திரை வைகாசி மாதங்களில் பகல் உஷ்ணம் 38 டிகிரியைத் தாண்டுவது சகஜம். நீர் சூடாக ஆக அதிற் கரைந்துள்ள பிராணவாயு குறையும். அன்றியும், சூடும் காரமும் மிகுந்த நீரில் அதே அளவு அமோனியா அதிக நஞ்சாகிறது. எனவே கோடையில் ஆகாரத்தைக் குறைத்து, நீர் மாற்றுவதை வாரத்தில் இருமுறையாக்க வேண்டும். வீட்டில் மிகக் குளிர்ந்த இடத்தில் தொட்டியை அமைத்து, கண்ணாடி மூடியை எடுத்து வலைமூடி இட்டு, நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியின் காற்றுப் படும்படி வைத்தால், மண்பானை நீர் குளிர்வது போலச் சில டிகிரி குறையும். பனிக்கட்டியை நேரே போடுதல் கூடாது.

மின்சாரம் நின்றவிடத்து, மின்கலத்தால் இயங்கும் பம்பு இல்லாதார், எவர்சில்வர்க் குவளையால் தொட்டி நீரையே மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றி வரலாம். இதனால் நீரில் காற்றுக் கலக்கும்.

நோயும் மருந்தும்

ஆற்றிலிருந்து பிடித்துவந்த மீன்களின் வயிற்றில் புழுக்கள் இருப்பதுண்டு. நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியிருந்தால் இதனைச் சந்தேகிக்கலாம். புதிதாய் வாங்கிய மீனை மூன்று வாரம் வேறொரு தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேர்த்தல் நலம். செதில் இல்லாத மீனாகையால் மருந்துகள் இதன் தோலை எளிதிற் பாதிக்கும். பிற மீன்களுக்கு இடும் செம்பு கலந்த மருந்துகளை இதற்கு இடலாகாது. நோயென்று தோன்றியவுடன் மருந்தைத் தேடுமுன் தண்ணீரைச் சோதித்தலே நன்று.

வாங்குவோர் கவனிக்கவேண்டுவது

இம்மீன் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து ஆறுகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. வர்ண மீன் வியாபாரத்திற்காக ஆறுகளிலிருந்து ஏராளமாகப் பிடிக்கப்பட்டு வந்தமையாலும், ஆறுகள் கெட்டமையாலும் இதன் தொகை குறைந்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவபாயத்திற்கு உட்பட்ட இனங்களில் சேர்த்துள்ளது. ஆகவே தொட்டியில் பொரித்து வளர்த்த குஞ்சுகளையே கேட்டு வாங்கவேண்டும். மீன் எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாத வியாபாரியிடம் வாங்காதிருத்தலே தக்கது.

இதனால் வருமானம் உண்டா என்று கேட்போர் உண்டு. சென்னையையடுத்த கொளத்தூரில் வர்ண மீன் தொழிலால் பலர் ஜீவனம் செய்கின்றனர். ஆயினும் குட்டிப் பேத்தை பாசியிடையே சிலவாகவே முட்டையிடும். ஏறத்தாழ ஐந்து நாளில் பொரியும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய ஜந்துக்களையே முதலில் தின்னும். அனுபவமில்லாதவர் இதனை லாபத்திற்கென்று தொடங்கினால் நஷ்டமே அடைவர். கப்பி, மாலி முதலிய எளிய மீன்களைச் சிமெண்டுத் தொட்டியில் ஈரிரண்டு ஆண்டு வளர்த்துப் பழகியபின் இதில் இறங்கலாம்.

பேத்தையின் நஞ்சு

பேத்தை இனங்கள் பலவற்றின் ஈரலிலும் சினையிலும், சிலவற்றின் தோலிலும் தசையிலும் கொடிய நஞ்சு உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி யோஷிசுமி தஹாரா 1909ஆம் ஆண்டில் இதற்கு டெட்ரோடாக்சின் என்று பெயரிட்டார். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு நீங்குவதில்லை. 1774ஆம் ஆண்டில் காப்டன் குக் என்பவர் பசிபிக் சமுத்திரத்தில் நியூ காலிடோனியாத் தீவில் இம்மீனின் ஈரலைச் சிறிது சுவைத்து, கைகால் மரத்து, அரிதில் உயிர் தப்பினார். குடலைத் தின்ற கப்பற்பன்றி இறந்தது. 2008ஆம் ஆண்டில் வங்காள தேசத்தில் மலிவாய்க் கிடைத்த பேத்தையை உண்டு பலர் நோயுற்றனர், உயிரிழந்தவரும் உண்டு. மலிவும் அறியாமையும் சேர்ந்தவிடத்து இவ்விபத்து நேரும்.

உண்டவருக்கு முதலில் உதடும் நாவும் மரத்துப்போகும். பின்னர் கைகால் தளரும். முடிவில் மூச்சு நிற்கும். அறிவு தெளிவாக இருந்தும் பேச இயலாத நிலையும் ஏற்படும். இதற்கு மாற்று மருந்து இல்லை. மூச்சுக் கருவி உள்ள ஆஸ்பத்திரியில் நஞ்சு நீங்கும்வரை சுவாசத்தைக் காத்து வந்தால் பிழைக்கலாம். ஆகையால் நாட்டு வைத்தியத்தில் நேரம் போக்காது உடனே 108க்குச் சொல்லி எடுத்துச் செல்லவேண்டும்.

தொட்டியில் வளர்க்கும் குட்டிப் பேத்தையின் நீரைத் தொடுவதால் அபாயமில்லை. ஆயினும் இறந்த மீனைக் கோழியும் நாயும் தின்னாதபடி ஆழப் புதைத்தல் வேண்டும். கடற்கரையிலிருந்து கழிவு மீன் வாங்கிக் கோழிக்கோ வாத்துக்கோ இடுவோர், பேத்தை கலந்துள்ளதா என்று பார்த்துப் பொறுக்கி அகற்றுதல் அவசியம்.

கண்மாய்க்கு நேரும் கேடு

வளர்க்கச் சலித்தவர்கள், கொல்ல மனமின்றி, மீனைக் கண்மாயில் விட்டுவிடுவது வழக்கமாகி வருகிறது. தர்மமென்று நினைத்துச் செய்யும் இக்காரியம் ஊருக்குத் தீங்காகலாம். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் கவசமுள்ள அயல்நாட்டு மீன் இவ்விதம் விடப்பட்டுத் தமிழ்நாட்டின் நீர்நிலைகள் பலவற்றில் பெருகிவிட்டது. அது வலையைக் கிழிக்கும், விலைக்கு ஆகாது, கரையில் வளை தோண்டி முட்டையிடும் இயல்புடையது. கண்மாய்க் கரையின் பலத்தை நம்பிப் பயிரிடும் ஊருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி நாட்டு மீன்களை அழிப்பது கண்டு, அதனை வளர்த்தலை 2000ஆம் ஆண்டிலேயே இந்திய அரசாங்கம் தடை செய்தது.

புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாயை நிரப்பும்படி சங்கிலித் தொடராகவே பல கண்மாய்கள் அமைந்துள்ளன. மேற்கண்மாயில் விட்ட மீன் ஒரு நல்ல மழையில் கீழ்க்கண்மாய்களுக்கெல்லாம் போய்ச்சேரும். கோடையில் நீர் வற்றும்போது ஊர்கூடிப் பிடிக்கும் விராலும் கெண்டையும் கெளுத்தியும் பொதுச் சொத்து. அவற்றிடையே அந்நிய மீனை விடுவது ஒருவர் தம் வீட்டுச் சலிப்பைத் தீர்க்க ஊர்ச்சொத்தைக் கெடுப்பதாகும். குட்டிப் பேத்தையும் மலையாளத்து ஆற்று மீனேயன்றி இந்நீருக்கு உரியதன்று. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். கழிவு நீரையும் பாசியையும்கூட வாய்க்காலிற் கொட்டாது தோட்டத்து மண்ணில் ஊற்றுக.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் மீன் குத்தகை பேசும் காலத்திலும், கிராமசபை கூடும் நாளிலும் இதனை எடுத்துச் சொல்லலாம். கண்மாயில் அறியாத மீன் தென்பட்டால் மீன்வளத்துறை அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும். கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் பேத்தையைத் தொட்டு விளையாடலாகாது, தின்னலாகாது என்பதைச் சிறுவர்க்குப் போதிப்பது ஆசிரியர்களுக்கு எளிது.

ஆறு வாரம் வெறுந் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கக் கூடிய குடும்பம் இம்மீனை வளர்க்கலாம். விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்தும் பொறுமையே இங்கும் வேண்டுவது. அத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை, தண்ணீர் எவ்வாறு கெடும், எவ்வாறு தெளியும் என்பதைக் கண்ணாற் கண்டு அறியும். நாளை ஊர்க் கண்மாய் அப்பிள்ளையின் பொறுப்பிற்கு வரும்போது அவ்வறிவு பயன்படும்.